கணனி எழும்பாவிட்டால் காணிப் பத்திரம் தொலைந்துவிடுமா?

சிறுபோக வயலுக்கு ஒருநாள் காலையில் தண்ணீர் வரவில்லை. அதற்காக எந்த விவசாயியும் குளம் வற்றிவிட்டது என்று முடிவுசெய்து வீடு திரும்புவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடக்கிறார். தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று பார்க்கிறார். வக்கடை அடைபட்டிருக்கலாம், வாய்க்காற்கட்டு உடைந்திருக்கலாம், துருசு சரியாகத் திறபடாதிருக்கலாம். நின்ற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கணனி ஒன்று திடீரென இயங்க மறுக்கும்போதும் இதே நிதானம்தான் வேண்டும். இதை நாம் ஒரு பயத்தின் நடுவே கற்றுக்கொண்டோம்.

“உள்ளுக்குள்ள எங்கட பத்திரம் கிடக்குது”

நாம் பணிபுரியும் கிராமமொன்றின் சனசமூக நிலையத்தில் பழைய மேசைக்கணனி ஒன்று இருக்கிறது. அதில் ஓடுவது உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம். இடம்பெயர்ந்து பல ஊர் மாறிவந்த குடும்பங்களின் காணி அனுமதிப்பத்திரம், உறுதி, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் என்பவற்றை ஸ்கேன் செய்து அந்தக் கணனியிலே சேமித்து வைத்திருந்தோம். பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டிய நாளில் அச்சிட்டுக் கொடுப்போம்.

ஒருநாள் காலை நிலையத்தைத் திறக்கும் பிள்ளை ஓடிவந்தாள். “நேற்று அப்டேட் போட்டனான். பாதியில கரண்ட் போட்டுது. இப்ப கறுப்புத் திரையில இங்கிலீஸ் எழுத்து மட்டும் நிக்குது” என்றாள். கணனி தெரிந்த இளைஞர் ஒருவர் வந்து பார்த்தார். “போமற் பண்ணினாச் சரி. ஒரு மணித்தியாலத்தில புதுசா ஓடும்” என்றார்.

அங்கே ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். இடப்பெயர்வில் அவருடைய காணிப் பத்திரத்தின் மூலப்பிரதி தொலைந்துவிட்டது. உறவினர் ஒருவரிடம் மிஞ்சியிருந்த நிழற்பிரதியை வாங்கி எம்மிடம் ஸ்கேன் செய்தார். பின்னர் வந்த மழையில் அந்த நிழற்பிரதியும் நனைந்து கூழாகிவிட்டது. “தம்பி, புதுசா ஓடுறது இருக்கட்டும். உள்ளுக்குள்ள எங்கட பத்திரம் கிடக்குது. அதுக்கு என்ன நடக்கும்?” என்று கேட்டார்.

இளைஞர் பதில் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. போமற் செய்வதென்றால் வயலை மட்டப்படுத்துவது போன்றது. புல்லும் போகும், பயிரும் போகும். அந்தத் தாயின் கேள்வி எம்மை நிறுத்திவைத்தது நல்லதாயிற்று.

லினக்ஸ் எங்கிருந்து வந்தது?

1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் எழுதத் தொடங்கியதே லினக்ஸ். பின்னர் உலகெங்கும் பலர் கூடி அதை வளர்த்தனர். காசு கொடுக்காமல் பெறலாம், பிறருக்கும் கொடுக்கலாம், உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றும் பார்க்கலாம். 1993 இல் டெபியன் என்னும் தொகுப்பு உருவாயிற்று. அதை அடிப்படையாகக் கொண்டு 2004 இல் உபுண்டு வெளிவந்தது.

நம் நாட்டுக்கும் இத்தகைய மென்பொருளோடு தொடர்புண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவுசெய்வதற்காக இலங்கைக் கணனியாளர்கள் சஹானா என்னும் மென்பொருளை எழுதினார்கள். அதையும் யாரும் காசின்றி எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது.

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது. பழைய கணனிகள் பலவற்றில் வின்டோஸ் 11 ஐ ஏற்ற முடியாது. எனவே நன்கொடையாக வரும் பழைய கணனிகளில் லினக்ஸ் ஓடுவதை இனி நாம் அதிகம் காணக்கூடும். அதன் பழுதை அறிந்துவைப்பது வீண்போகாது.

தண்ணீர் வரும் வழி

மின்விசையை அழுத்தியதிலிருந்து படங்களோடு கூடிய திரை தோன்றும்வரை கணனிக்குள் ஐந்து படிகள் நடக்கின்றன. குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் வருவதைப் போல ஒன்றன்பின் ஒன்றாகவே இவை நடக்கும்.

முதலாவது, கணனியின் பலகையிலே பதிந்திருக்கும் சிறு நிரல். இதனைப் பயோஸ் அல்லது யு.ஈ.எஃப்.ஐ. என்பர். இது விசைப்பலகை, நினைவகம், வன்தட்டு என்பன இருக்கின்றனவா என்று பார்க்கும்.

இரண்டாவது, கிரப் என்னும் ஏற்றி. இதுதான் துருசுக்காரன். எந்த இயங்குதளத்தை, அதன் எந்தப் பதிப்பைத் திறந்துவிடுவது என்று தீர்மானிப்பது இதுவே.

மூன்றாவது, கேர்னல். லினக்ஸின் உயிர்க்கரு இது. இதனோடு ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் சிறு மூட்டையும் ஏற்றப்படும். வன்தட்டின் கதவைத் திறப்பதற்கான சாவிகள் இந்த மூட்டைக்குள்ளே இருக்கின்றன.

நான்காவது, சிஸ்டம்டி. இது மற்றைய பணியாளர்களை ஒவ்வொருவராக எழுப்பி வேலைக்கு அனுப்பும்.

ஐந்தாவது, கடவுச்சொல் கேட்கும் திரையும் அதன்பின் வரும் மேசைத்தளமும்.

தரமுயர்த்தல் என்பது இயங்கிக்கொண்டிருக்கும் இந்த வழியின் பல பாகங்களைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டும் வேலை. அது பாதியில் நின்றால், பழையது கழன்றும் புதியது பூட்டப்படாமலும் ஏதோவொரு பாகம் தொங்கும். ஆனால் நாம் சேமித்த கடிதங்களும் படங்களும் ‘ஹோம்’ என்னும் தனி அறையில் இருப்பவை. தரமுயர்த்தல் சாதாரணமாக அந்த அறையைத் தொடுவதில்லை. வீட்டுக் கதவு இறுகிப்போனால் பெட்டகத்திலுள்ள நகை தொலைந்துவிட்டதாகாது.

முதலில் பத்திரங்களைக் காப்பாற்றுவோம்

எந்தத் திருத்த வேலைக்கும் முன்னர் கோப்புகளைப் பிரதி எடுக்கவேண்டும். இதற்கு 8 ஜிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள பென் ட்ரைவ் ஒன்று போதும். வேறொரு கணனியில் உபுண்டுவைத் தரவிறக்கி, ‘ரூஃபஸ்’ அல்லது ‘எட்சர்’ என்னும் மென்பொருளால் அந்தப் பென் ட்ரைவில் எழுதவேண்டும். அதில் ஏற்கெனவே இருந்தவை அழிந்துவிடும் என்பதை மறக்கலாகாது.

பழுதான கணனியில் அதைச் செருகி, மின்விசையை அழுத்தியவுடன் எஃப் 12, எஃப் 9 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டினால், எதிலிருந்து எழும்புவது என்று கணனி கேட்கும். எந்த விசை என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். பென் ட்ரைவைத் தெரிவுசெய்யவேண்டும். அதன்பின் ‘ட்ரை உபுண்டு’, ‘இன்ஸ்டோல் உபுண்டு’ என்று இரண்டு வழிகள் காட்டப்படும். ‘ட்ரை’ என்பதையே எடுக்கவேண்டும். இது பென் ட்ரைவிலிருந்து தற்காலிகமாக ஓடும். வன்தட்டில் நாமாக மாற்றாதவரை எதையும் மாற்றாது. இரண்டாவதை அழுத்தித் தொடர்ந்து போனால் வன்தட்டு துடைக்கப்பட்டுவிடக்கூடும்.

திரை வந்ததும் கோப்புகள் பகுதியைத் திறந்தால் கணனியின் வன்தட்டு அங்கே தெரியும். அதனுள் ‘ஹோம்’ என்ற உறையில் நமது பெயருக்குரிய உறை இருக்கும். அதை வேறொரு யு.எஸ்.பி. வன்தட்டுக்குப் பிரதி செய்யவேண்டும். வன்தட்டு பூட்டி வைக்கப்பட்டிருந்தால் அதற்குரிய கடவுச்சொல் கேட்கப்படும். அது இல்லாமல் யாராலும் திறக்கமுடியாது.

எமது நிலையத்தில் இதைச் செய்தபோது மாலை நான்கு மணியாகிவிட்டது. உறையைத் திறந்ததும் அந்தத் தாயின் பத்திரத்தைத் தேடித் திரையில் பெரிதாக்கிக் காட்டினோம். காணித் துண்டின் இலக்கத்தை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். பின்னரே வீட்டுக்குப் போனார்.

எங்கே நின்றது?

இனித் திருத்தலாம். திரையில் என்ன தெரிகிறது என்பதைக் கைத்தொலைபேசியால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எழுத்துகள் நோயாளி சொல்லும் குணங்குறிகள்.

1. திரையில் எதுவுமே இல்லை. தயாரித்த நிறுவனத்தின் அடையாளமும் வரவில்லை: தண்ணீர் குளத்திலேயே இல்லை. மின்கம்பி, திரையின் இணைப்பு, நினைவகத் தகடு என்பவற்றைப் பார்க்கவேண்டும். இது பெரும்பாலும் தரமுயர்த்தலால் வந்த பழுதன்று.

2. ‘கிரப் ரெஸ்கியூ’ என்ற சொல்லோடு நிற்கிறது: துருசுக்காரன் வழி மறந்துவிட்டான். முன்னர் சொன்ன பென் ட்ரைவிலிருந்து எழும்பி ‘பூட் ரிப்பெயர்’ என்னும் கருவியால் கிரப்பை மீண்டும் பதிக்கலாம். தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

3. ‘கேர்னல் பானிக்’ என்று வருகிறது. ‘அனேபிள் டு மவுண்ட் ரூட்’ என்ற சொற்களும் தெரிகின்றன: கேர்னல் எழும்பியது, ஆனால் வன்தட்டின் சாவி மூட்டை கிடைக்கவில்லை. புதிய கேர்னலுக்குரிய மூட்டை கட்டப்படாமலே வேலை நின்றிருக்கலாம். பழைய கேர்னல் பெரும்பாலும் அழிக்கப்படாமல் இருக்கும். கணனி எழும்பும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால், அல்லது புதிய வகைக் கணனியில் எஸ்கேப் விசையைத் தட்டினால், கிரப் பட்டியல் தோன்றும். ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ என்பதனுள் சென்று, இலக்கத்தில் குறைந்த பழைய கேர்னலைத் தெரிவுசெய்யவேண்டும்.

4. அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல்லோடு நிற்கிறது: மின்சாரம் சடுதியாக நின்றதால் வன்தட்டின் பதிவேடு குழம்பியிருக்கலாம். ‘எஃப்எஸ்சிகே’யைக் கையால் ஓட்டும்படி திரை கேட்டால், எஃப்-எஸ்-சி-கே, இடைவெளி, கழித்தற் குறி, வை, இடைவெளி, பின்னர் திரையில் காட்டப்பட்ட வன்தட்டுப் பகுதியின் பெயர் என்று அடித்து என்டர் விசையை அழுத்தவேண்டும். முடிந்ததும் ‘எக்ஸிட்’ என்று அடிக்கவேண்டும். வன்தட்டிலிருந்து டிக்டிக் என்ற சத்தம் வந்தால் இதைச் செய்யாதீர்கள். அது தட்டே தேய்ந்துபோனதன் அறிகுறியாக இருக்கலாம். பிரதி எடுப்பதே முதல் வேலை.

5. ‘எமர்ஜென்சி மோட்’ என்று வருகிறது: கணனியோடு எப்போதும் இணைந்திருந்த மேலதிக வன்தட்டை யாரும் கழற்றினார்களா என்று கேளுங்கள். இருக்கவேண்டிய ஒன்றைத் தேடிக் காணாமலும் கணனி இப்படி நிற்கும். மீண்டும் இணைத்துப் பாருங்கள்.

6. எல்லாம் கடந்து கறுப்புத் திரை மட்டும் நிற்கிறது: தண்ணீர் வயல் வரம்புவரை வந்துவிட்டது. பெரும்பாலும் படத்தைத் திரைக்கு அனுப்பும் இயக்கி புதிய கேர்னலோடு ஒத்துப்போகவில்லை. கிரப் பட்டியலில் ஈ எழுத்தை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்த்து எஃப் 10 ஐ அழுத்தினால், எளிய முறையில் திரை வரலாம். இது அந்த ஒருமுறைக்கு மட்டுமே. உள்ளே சென்றபின் சரியான இயக்கியைப் பதிக்கவேண்டும்.

7. கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் மீண்டும் மீண்டும் அதையே கேட்கிறது: வன்தட்டு நிரம்பியிருக்கலாம். கொன்ட்ரோல், ஓல்ட், எஃப் 3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, டி-எஃப், இடைவெளி, கழித்தற் குறி, எச் என்று அடித்தால் ஒவ்வொரு பகுதியும் எத்தனை வீதம் நிரம்பியுள்ளது என்று காட்டும். 100 என்று தெரிந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது.

எமது கணனியில் நடந்தது

எமது நிலையத்துக் கணனி மூன்றாவது வகை. நாம் பழைய கேர்னலைத் தெரிவுசெய்தோம். அதன் ‘றிக்கவரி மோட்’ என்ற வரியை எடுத்தோம். ஒரு பட்டியல் வந்தது. அதில் ‘கிளீன்’ இடத்தை வெறுமையாக்கும். ‘டிபிகேஜி’ பாதியில் நின்ற பொதிகளைச் சீர்செய்யும். ‘எஃப்எஸ்சிகே’ வன்தட்டைச் சோதிக்கும். ‘கிரப்’ ஏற்றியைப் புதுப்பிக்கும். ‘ரூட்’ கட்டளை அடிக்கும் திரையைத் தரும்.

‘டிபிகேஜி’யை அழுத்தினோம். சிறிது நேரம் ஓடியது. பின்னர், இடம் போதாது என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டி நின்றுவிட்டது. உடனே அந்தப் பிள்ளை, “அப்ப கரண்ட் மட்டும் காரணமில்லையோ?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. ‘ரூட்’ திரைக்குச் சென்று டி-எஃப் கட்டளையை அடித்துப் பார்த்தோம். கேர்னல்கள் இருக்கும் ‘பூட்’ என்ற பகுதி தனியாகவும் மிகச் சிறிதாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. பழைய கேர்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அதில் குவிந்து, புதிய மூட்டையை வைக்க இடமே இல்லை. மின்சாரம் நில்லாதிருந்தாலும் வேலை அங்கே இடறியிருக்கும்.

‘ரூட்’ திரையில் வன்தட்டு வாசிக்க மட்டுமே திறந்திருக்கும். எழுதவும் விடுவதற்கு ‘மவுண்ட்’, இடைவெளி, கழித்தற் குறி, ஓ, இடைவெளி, ‘ரிமவுண்ட்’, காற்புள்ளி, ஆர்-டபிள்யூ, இடைவெளி, சாய்கோடு என்று அடித்தோம். பின்னர், அப்போது ஓடிக்கொண்டிருந்த கேர்னல் எது என்று பார்த்து அதை விட்டுவிட்டு, அதற்கும் முந்திய இரண்டை அகற்றினோம். ஓடிக்கொண்டிருப்பதை அகற்றுவது இருந்த கிளையை வெட்டுவதாகும்.

அதன்பின் டி-பி-கே-ஜி, இடைவெளி, இரண்டு கழித்தற் குறிகள், உடனே ‘கொன்ஃபிகர்’ என்ற சொல், இடைவெளி, கழித்தற் குறி, ஏ என்ற கட்டளையைக் கொடுத்தோம். பாதியில் தொங்கிய பொதிகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. புதிய கேர்னலின் மூட்டையும் கட்டப்பட்டது. கடைசியில் ‘அப்டேட்’, கழித்தற் குறி, ‘கிரப்’ என்று அடித்துத் துருசுக்காரனுக்குப் புதிய பட்டியலைக் கொடுத்தோம். கணனியை மீள எழுப்பினோம். திரை வந்தது. போமற் செய்யச் சொன்ன இளைஞரே முழு வேலையையும் எம்மோடு இருந்து செய்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்த தரமுயர்த்தலுக்கு முன்

மின்சாரத்தை நம்பியிருக்க முடியாது என்பது நாம் அறிந்ததே. 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. உபமின்நிலையமொன்றில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் மோதியதே காரணம் என்று அமைச்சர் கூறினார். ஆகவே மேசைக்கணனியைத் தரமுயர்த்துவதென்றால் யு.பி.எஸ். இருக்கவேண்டும். மடிக்கணனியென்றால் பற்றரி நிறைந்திருக்கவேண்டும், மின்கம்பியும் செருகியிருக்கவேண்டும்.

தொடங்குமுன் வன்தட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தேவையற்ற பழைய கேர்னல்களை அகற்ற ‘ஆப்ட்’, இடைவெளி, ‘ஓட்டோரிமூவ்’ என்னும் கட்டளை உண்டு. அதற்கு முன்னால் ‘சூடோ’ என்ற சொல்லைச் சேர்க்கவேண்டும்.

அவசரப்படவும் வேண்டாம். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரல் மாதத்தில் வருகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 24.04 பதிப்பு 2024 ஏப்ரலில் வெளிவந்தபோதும், 22.04 பாவித்தவர்களுக்கு அந்த ஓகஸ்ட் மாதத்தில் முதற்றிருத்தப் பதிப்பு வந்த பின்னரே மாறும்படி அழைப்பு வந்தது. தயாரித்தவர்களே பொறுத்திருக்கும்போது நாம் ஏன் முந்தவேண்டும்? நாளை அச்சிட்டுக் கொடுக்கவேண்டிய பத்திரம் இருந்தால் இன்று தரமுயர்த்த வேண்டாம்.

எழும்பக்கூடிய பென் ட்ரைவ் ஒன்றை எப்போதும் அலுமாரியில் வைத்திருங்கள். என்ன செய்தோம், எந்த நாளில் செய்தோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். எமது நிலையத்தில் அந்தப் பிள்ளையே இப்போது அக்கொப்பியை எழுதுகிறாள்.

விதைநெல்லை ஒரே கோட்டையில் கட்டுவதில்லை

மறுநாள் அந்தத் தாய் வந்தார். அவருடைய பத்திரத்தை இரண்டு பிரதிகள் அச்சிட்டு, ஒன்றை நெகிழியுறையில் இட்டுக் கொடுத்தோம். அவர் போனபின் நாம் நெடுநேரம் யோசித்தோம். கணனி பழுதானது பெரிய காரியமல்ல. எந்த இயந்திரமும் பழுதாகும். ஒரு குடும்பத்தின் காணிக்கு மிஞ்சியிருந்த ஒரேயொரு சான்றை ஒரேயொரு வன்தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாயிருந்தோமே, அதுதான் பெரிய பிழை. அந்தப் பிழை கணனியுடையதல்ல, எம்முடையது.

எந்த விவசாயியும் விதைநெல் முழுவதையும் ஒரே கோட்டையில் கட்டி ஒரே மூலையில் வைப்பதில்லை. பத்திரங்களும் அப்படித்தான். இப்போது எமது நிலையத்தில் மூன்று பிரதிகள் உள்ளன: கணனியில் ஒன்று, அலுமாரியில் பூட்டிய யு.எஸ்.பி. வன்தட்டில் ஒன்று, வேறொரு கிராமத்திலுள்ள நிலையத்தில் ஒன்று. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை இவை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

உங்கள் குடும்பத்தின் பத்திரம் எங்காவது ஒரு கணனியில் இருக்கிறதென்றால், அடுத்தமுறை அங்கே போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “இதின்ர மற்றப் பிரதி எங்க இருக்குது?” பதில் தயங்கி வந்தால், அன்றைக்கே ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.